போய்ச் சேர்ந்த விமானம்

1

போன வாரம் என் மகள் காந்திமதி சமையலறை வாசலில் நின்றுகொண்டு ஒரு கேள்வி கேட்டாள். "அம்மா, பிளேன் சத்தம் கேட்டா ஏன் ஸ்டவ்வ அணைக்கிறீங்க?"

இங்கிலீஷில்தான் கேட்டாள். இப்போதெல்லாம் பசித்தால் மட்டும்தான் அவளுக்குத் தமிழ் வருகிறது. நான் அப்படிச் செய்வது எனக்கே தெரியாது. "சும்மாதான்" என்றேன். அவள் விடவில்லை. காலையிலும் அணைத்தீர்கள், இப்போதும் அணைத்தீர்கள், தோசை பாதி வெந்து கிடக்கிறது என்று காட்டினாள். கையில் தோசைத் திருப்பியைப் பிடித்தபடி, தலைக்கு மேல் போன சத்தம் தேய்ந்து மறையும்வரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

பினாங்கு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு. ஒரு நாளைக்கு எத்தனை தரம் அடுப்பை அணைத்து மூட்டியிருப்பேனோ தெரியாது.

அவளிடம் கொஞ்சம் சொன்னேன். மீதியை ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன். என் வீட்டுக்காரரைப் பற்றித் தென்காசிக் கடைத்தெருவில் அந்தக் காலத்தில் நடந்த பேச்சு உங்களில் சிலர் காதிலும் விழுந்திருக்கும். என்ன நடந்தது என்று கூட இருந்தவள் சொல்லி நீங்கள் கேட்டதில்லை.

2

என் பெயர் உலகம்மாள். தென்காசியில் இந்தப் பெயர் தெருவுக்கு நாலு பேருக்கு உண்டு. இங்கே ஆபீசில் எழுதும்போது 'உல' என்பது ஒரு பெயர், 'கம்மாள்' என்பது இன்னொரு பெயர் என்று பிரித்துவிட்டார்கள். அப்படியே இருக்கிறது. என் வீட்டுக்காரர் மேலகரத்துக்காரர், பெயர் குற்றாலிங்கம். இங்கே கேப்டன் லிங்கம்.

யுத்த காலத்தில் விமானப் படையில் சேர்ந்து தொழில் கற்றவர். பிறகு மெட்ராசில் ஒரு தனியார் கம்பெனியில் டகோட்டா விமானம் ஓட்டினார். அந்தக் கம்பெனிகளையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்டபோது அவருக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. கடல் கடந்து இங்கே வந்தோம். மூன்றே டகோட்டா வைத்திருந்த சின்னக் கம்பெனியில் வேலை. அதன் பெயர் இப்போது யாருக்கும் நினைவிருக்காது, நானும் எழுதவில்லை.

ஆரம்பத்தில் நன்றாகவே நடத்தினார்கள். பயணிகளுக்குச் சூடாகக் காப்பி, அவித்த முட்டை, கஞ்சி போட்டுத் தேய்த்த கைத்துண்டு. மூத்த மெக்கானிக் ஒரு சீனர். அவர் கையைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினால்தான் விமானம் கிளம்பும். என் வீட்டுக்காரரும் ஏறுவதற்கு முன்னால் விமானத்தைச் சுற்றி ஒரு நடை நடப்பார். மாட்டுச் சந்தையில் மாடு பிடிக்கிறவரைப் போல அங்கங்கே தட்டி, தடவி, குனிந்து பார்ப்பார். வேலியோரம் நின்று அதைப் பார்த்தால் எனக்கு ஒரு தைரியம் வரும்.

பிறகு சிங்கப்பூரிலிருந்து புது மானேஜர் வந்தார். சத்தம் போடத் தெரியாத மனுஷர். சிரித்தபடியே ஒவ்வொன்றாகக் குறைத்தார். முதலில் முட்டை போயிற்று. பிறகு துண்டு. பிறகு, உபசரிக்க நின்ற பெண்கள் இரண்டு பேரில் ஒருத்தி. இதெல்லாம் யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. அதற்கப்புறம் சீன மெக்கானிக்கைச் சம்பளம் அதிகம் என்று அனுப்பினார்கள். மூன்று விமானத்துக்கும் சேர்த்து ஒரே ஓர் இளம் ஆள். விமானிகளுக்கு ஓய்வு நாள் குறைந்தது. சரக்கு கூட ஏற்றலாம் என்பதற்காக, அவசரத்துக்கென்று கொண்டுபோகும் பெட்ரோலில் கை வைத்தார்கள்.

அன்று என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "முட்டைய எடுத்தான், சரி. இப்ப மேல இருக்கப்போ யோசிக்கதுக்கு இருக்க நேரத்தையே எடுக்கான் உலகு."

அன்றைக்குத்தான் முதல் முதலாகப் பயந்தேன். அதுவரை விமானம் என்றால் மேலே போகும், கீழே வரும் என்று நினைத்திருந்தவள் நான். வராமலும் போகலாம் என்பது அந்தத் தட்டைப் பார்த்தபோதுதான் மனதில் பட்டது.

அதற்குப் பிறகு அவர் அடிக்கடி மறுக்கத் தொடங்கினார். மேகம் கட்டியிருக்கிறது, போக மாட்டேன். பெட்ரோல் போதாது, ஊற்றினால்தான் போவேன். மானேஜர் கோபப்படவே இல்லை. "கேப்டனுக்கு உடம்பு சரியில்லையா?" என்று மட்டும் கேட்பாராம்.

3

மழைக்காலம் தொடங்கியிருந்தது. இங்கே மழை நம் ஊர்ச் சாரலைப் போலத் தூவாது. மத்தியானத்துக்கு மேல் சுவர் மாதிரி வந்து நிற்கும்.

அன்று காலை வேலைக்குப் போனவர் பத்து மணிக்கே திரும்பி வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வலது எஞ்சின்ல எண்ணெய் ஒழுகுது. வேகம் கூட்டுனா நடுங்குது. பிரிச்சுப் பாக்காம எடுக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க."

"பிளேன்?"

"சேவியர் எடுத்துட்டுப் போறான்."

சேவியர் தூத்துக்குடிப் பையன். என் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் உதவி விமானியாக உட்கார்ந்து பழகி, அப்போதுதான் கேப்டன் ஆகியிருந்தான். அவன் மனைவி டெய்சி மூன்றாவது வீட்டில் இருந்தாள், கைக்குழந்தைக்காரி. அவனை வேலையில் நிலைப்படுத்துவதா வேண்டாமா என்று மானேஜர் இன்னும் முடிவு சொல்லவில்லை.

"நீங்க அந்தத் தம்பிகிட்ட சொல்லலையா?"

"நான் பாத்தத எல்லாம் சொன்னேன். முடிவு அவன்தான் எடுக்கணும். அந்த ஆசனத்துல உக்காந்தவனுக்கு வேற யாரும் முடிவெடுக்க முடியாது."

கிழக்குக் கரையில் கோத்தா பாருவுக்குப் போய்த் திரும்பும் விமானம் அது. நடுவில் மலை. நம் மேற்கு மலையை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினாற்போல, கண்ணுக்கு எட்டின மட்டும் காடு.

கொஞ்ச நேரத்தில் டெய்சி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவந்தாள். தலைகூட வாரவில்லை.

"அக்கா, அண்ணாச்சி வேண்டாம்னு சொன்ன பிளேனையா இவிய எடுத்துட்டுப் போயிருக்காவ?"

நான் என்ன சொல்ல? என் வீட்டுக்காரர் உள்ளே பத்திரமாக நாற்காலியில் இருக்கிறார். அவள் அவரையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "உக்காரு டெய்சி, சோறு பொங்கிட்டு இருக்கேன்" என்றேன்.

மத்தியானம் வானம் இருட்டியது. விமானம் வரவேண்டிய நேரம் வந்தது, போயிற்று. மழை இறங்கியது. அந்த நாளில் என்னிடம் இருந்தது பம்ப் ஸ்டவ். எரிந்தால் வீடே இரையும். அந்த இரைச்சலுக்குள் என்னவோ கேட்டதுபோல் இருந்தது.

"ஸ்டவ்வ அணை!" என்று என் வீட்டுக்காரர் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதில்லை.

அணைத்தேன். மழைக்கு மேலே, மேகத்துக்குள் எங்கோ ஒரு சத்தம். எப்போதும் கேட்கும் முழக்கம் இல்லை. ஒற்றைக் குரலாக, இழுத்து இழுத்து வந்தது. அவர் முற்றத்தில் இறங்கி மழையில் நின்றார்.

"ஒரு எஞ்சின்தான் ஓடுது" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. டெய்சி அதைக் கேட்டுவிட்டாள்.

சத்தம் எங்களுக்கு மேலே வந்து, தெற்கே போயிற்று. நின்றதுபோல் இருந்தது. மறுபடி வந்தது. தரையைத் தேடிக்கொண்டு சுற்றுகிறான் என்று அவர் சொல்லாமலே எனக்குப் புரிந்தது. டெய்சி என் கையைப் பிடித்திருந்தாள். அவள் நகம் என் தோலுக்குள் இறங்கியது. அப்போது அது வலிக்கவில்லை. காந்திமதி கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். பெரியவர்கள் பயந்தால் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

பிறகு சத்தம் கீழே இறங்கி, அறுந்தது.

என் வீட்டுக்காரர் செருப்புக்கூடப் போடாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனார். நாங்கள் பின்னால் ஓடினோம். வாசலில் காவலாளி அவரை உள்ளே விடவில்லை. "மன்னிக்கணும் கேப்டன், இன்னைக்கு உங்களுக்கு அனுமதி இல்லை" என்றான். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மழைக்குள் பார்த்தோம்.

விமானம் ஓடுபாதையில் நின்றுகொண்டிருந்தது. முழுசாக. பயணிகள் ஒவ்வொருவராக இறங்கிக் குடைக்குக் கீழே நடந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரிந்ததாகத் தோன்றவில்லை. ஒருவர் கொட்டாவி விட்டார். கடைசியாக சேவியர் இறங்கினான். மானேஜர் போய்க் கை நீட்டினார். அவன் கை கொடுத்தானா இல்லையா என்பது மழையில் தெரியவில்லை.

டெய்சி அங்கேயே சேற்றில் உட்கார்ந்து அழுதாள். என் வீட்டுக்காரர் வேலியை விட்டுக் கையை எடுக்கவே இல்லை.

மறுநாள் மானேஜர் அவரைக் கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னாராம்: ஒருவர் போகவே முடியாது என்றார், இன்னொருவர் போய்விட்டு வந்தேவிட்டார், இதற்கு மேல் நான் என்ன சொல்வது? நின்றுபோன எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வேலை போயிற்று.

4

கம்பெனி வேலையின் பேரில்தான் இந்த நாட்டில் எங்களுக்கு இருக்க அனுமதி. வேலை போனால் குடியேற்ற ஆபீசுக்குப் போய்ச் சொல்லவேண்டும். அவர் வேறு கம்பெனிகளைப் பார்க்கப் போயிருந்ததால் நான்தான் போனேன்.

மலாய்க்கார குமாஸ்தா ஏன் நாட்டை விட்டுப் போகிறீர்கள் என்று கேட்டார். வேலை மாறுகிறது என்று சொல்லலாம் என நினைத்தேன். மாறுவதற்கு அவர்கள் மொழியில் 'துக்கார்'. என் வாயில் வந்தது 'தாக்குட்'. அதற்குப் பயம் என்று அர்த்தம். குமாஸ்தா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். குமாஸ்தா சிரிக்கவில்லை. "உட்காருங்கள் அம்மா" என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த ஒரு மரியாதையில் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

கப்பலேறினோம். நாகப்பட்டினத்தில் இறங்கி, ரயில் மாறித் தென்காசி.

5

என் பெரியண்ணன் சண்முகவேல் அப்போது தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் பஸ் விட்டுக்கொண்டிருந்தார். தங்கை வீட்டுக்காரர் விமானம் ஓட்டுகிறவர் என்பதில் அவருக்கு ஊர் நிறையப் பெருமை. அந்தப் பெருமையில்தான் கல் விழுந்திருந்தது. நாங்கள் வந்து சேர்வதற்கு முன்னாலேயே சங்கதி வந்து சேர்ந்துவிட்டது. கடைத்தெருவில் போனால், "பிளேன் ஓட்டப் பயந்து வந்துட்டாராம்லா" என்பது எங்கள் முதுகுக்குக் கேட்கும்.

"முதலாளி சொன்னா கேக்கணும் மாப்பிள்ளை" என்றார் அண்ணன். "அவன் போட்ட முதலு. அவனுக்குத் தெரியாதா? அந்தச் சின்னப் பையன் போயிட்டு வந்துட்டாம்லா?"

"வந்துட்டான் மச்சான்" என்பார் இவர்.

மாசங்கள் போயின. விண்ணப்பம் போட்ட இடங்களிலிருந்தெல்லாம் ஒரே பதில். பழைய கம்பெனியிடம் விசாரித்தவர்கள் யாரும் மறுபடி கூப்பிடவில்லை. நான் தினமும் கோயிலுக்குப் போனேன். என் பெயர்க்காரியான அம்மன் சந்நிதியில் நின்று ஒரே ஒரு வேண்டுதல்: தாயே, இவிய சொன்னதுதான் சரின்னு அந்த மானேஜருக்குத் தெரியணும். ஊருக்குத் தெரியணும்.

சாரல் சீசன் வந்தது. அண்ணன் குடும்பத்தோடு நாங்களும் குற்றாலம் போனோம். காந்திமதி கடையில் மங்குஸ்தான் பழத்தைப் பார்த்துவிட்டு "மங்கிஸ்! மங்கிஸ்!" என்று குதித்தாள். "இவ பேசுத தமிழப் பாருட்டீ" என்று அண்ணன் மகள்கள் சிரித்தார்கள். பினாங்கில் அந்தப் பெயரில்தான் தெருவுக்குத் தெரு விற்கும் பழம். அவளுக்கு ஊர் என்றால் அதுதான் என்று அப்போது எனக்கு உறைத்தது. அதுவும் ஒரு பயம்தான்.

சாயங்காலம் திரும்புகிற நேரம். அண்ணன் பஸ்ஸில் படி வரைக்கும் கூட்டம், மேலே மூட்டைகளோடு ஆட்கள். ரோட்டில் குளித்துவிட்டு நடந்துபோகிறவர்கள் ஈரத்துணியும் பிள்ளைகளுமாக அடைத்துக்கொண்டு போனார்கள். நாங்கள் முன்னால் உட்கார்ந்திருந்தோம். டிரைவர் மைதீன் கீழே நின்று அண்ணனிடம் மெதுவாகச் சொன்னது ஜன்னல் வழியாகக் கேட்டது.

"முதலாளி, பிரேக்கு ரெண்டு மிதி மிதிச்சாத்தான் பிடிக்குது. நனைஞ்சு வேற கெடக்கு. பாதி ஆள இறக்கிட்டு ரெண்டு டிரிப்பா அடிப்போம்."

"சீசன் முடியட்டும்லே, பாத்துக்கிடலாம். எடு வண்டிய."

என் வீட்டுக்காரர் எழுந்தார். காந்திமதியைத் தூக்கிக்கொண்டார். படியில் நின்றவர்களை விலக்கி இறங்கினார்.

அண்ணன் முகம் கறுத்துப் போயிற்று. "என்ன மாப்பிள்ளை?"

"நாங்க நடந்து வாறோம் மச்சான்."

"வானத்துலதான் பயம்னு நெனச்சேன். தரையிலயுமா?" என்றார் அண்ணன், பஸ் முழுக்கக் கேட்கும்படி. பஸ் சிரித்தது. படியில் நின்ற ஒருவர் கையைச் சிறகாக விரித்துக் காட்டினார்.

நான் உட்கார்ந்தே இருந்தேன். அண்ணி என் முழங்கையைப் பிடித்து, "நீ இரு. அவிய வரட்டும்" என்றாள். இறங்கினால் என் பிறந்த வீட்டை ஊர் நடுவில் அவமானப்படுத்துகிறேன். இறங்காவிட்டால் அவர் தனியாகப் போகிறார், இரண்டாவது தரம். அண்ணியின் கையை விலக்கிவிட்டு இறங்கினேன். "ஏட்டி உலகு!" என்று அண்ணன் ஒரு தரம் கூப்பிட்டார். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

பஸ் எங்களைத் தாண்டிப் போயிற்று. சாரலில் நடந்தோம். காந்திமதி அவர் தோளில் தூங்கிவிட்டாள்.

கொஞ்ச தூரம் போனதும் கேட்டேன். "நீங்க நிசமாவே பயந்துட்டியளா?"

"ஆமா" என்றார். "அன்னைக்கும் பயந்தேன். அந்த எஞ்சின் நடுங்குனப்போ எனக்குக் காலு நடுங்கிச்சு. பயந்துதான் இறங்கினேன். சட்டம் பேசி இறங்கினேன்னு நீ நெனச்சியா?"

அவர் வாயால் அதைக் கேட்டது எனக்கு என்னவோ செய்தது. அத்தனை மாசமாக அவருக்குப் பயமே இல்லை, கொள்கைதான் என்று எல்லோரிடமும் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

"பஸ்சு நல்லபடியா போய்ச் சேந்திருக்கும்" என்றேன்.

"சேரணும்னுதான் நானும் நினைக்கேன்."

"அப்ப மறுபடியும் நாமதான் தப்பு. மறுபடியும் சிரிப்பாங்க."

அவர் நின்றார். "போய்ச் சேந்தா நாம தப்புன்னு வச்சுக்கோ. அப்ப நாம சரின்னு ஆகணும்னா என்ன நடக்கணும் உலகு? யோசிச்சுப் பாரு."

யோசித்தேன். அந்தப் பஸ்ஸில் என் அண்ணி இருக்கிறாள், அவள் பிள்ளைகள் இருக்கிறார்கள். ரோடு முழுக்க ஈரத்துணியோடு ஜனங்கள். கடலுக்கு அந்தப் பக்கம் அந்த விமானத்தில் சேவியர் உட்கார்ந்திருக்கிறான். டெய்சி வாசலில் நிற்கிறாள். நான் தினமும் சந்நிதியில் கைகூப்பி எதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்?

அன்றைக்கு வந்ததைப் போல ஒரு பயம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. மழையில் ஒற்றை எஞ்சின் சத்தம் கேட்டபோதுகூட. வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன்: வேண்டாம் தாயே, நான் கேட்டதைக் குடுத்துராதே. நாங்க தப்பாவே இருந்துட்டுப் போறோம்.

வீட்டுக்கு வந்தபோது பஸ் ஷெட்டில் நின்றது. ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. மைதீன் ஆள் நடக்கிற வேகத்தில், ஆரன் அடித்துக்கொண்டே கொண்டுவந்து சேர்த்திருந்தார். அண்ணன் எங்களோடு பேசவில்லை. ஆனால் மறுநாள் காலையில் மைதீன் சாவியை மேசையில் வைத்துவிட்டார். "பிரேக்கப் பாத்துட்டுக் குடுங்க முதலாளி. நேத்து ஸ்டியரிங்கப் பிடிச்ச கை இன்னும் நடுங்குது. பிளேன் ஓட்டுதவுகளே இறங்கிப் போறாவ, எனக்கு என்ன?"

அண்ணன் வீட்டுக்குள் வந்து சத்தம் போட்டார். "ஒரு மாப்பிள்ளை வந்தாரு, என் டிரைவரையும் கெடுத்துட்டாரு!" சத்தம் போட்டுக்கொண்டே பிரேக் பார்க்க ஆள் அனுப்பினார்.

6

சாரல் ஓய்ந்து வெயில் அடிக்கத் தொடங்கிய ஒரு நாள் தந்தி வந்தது. கொண்டுவந்தவரிடம் வாங்கவே கை வரவில்லை. டெய்சி, டெய்சி என்று மனசு அடித்துக்கொண்டது. அவர் வாங்கிப் பிரித்தார். படித்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"சொல்லுங்க! யாரு?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல" என்றார். "சேவியர் அடிச்சிருக்கான். அவனும் மாட்டேன்னுட்டான்."

பிறகு விவரம் தெரிந்தது. அதே விமானம், அதே நடுக்கம். இந்தத் தடவை சேவியர் பயணிகளுக்கு முன்னாலேயே தொப்பியைக் கழற்றிக்கொண்டு இறங்கிவிட்டான். மற்ற இரண்டு கேப்டன்களையும் மானேஜர் கூப்பிட்டார். ஒருவரும் ஏறவில்லை. சர்க்கார் ஆள் வந்து எஞ்சினைப் பிரித்துப் பார்த்துவிட்டு, மூன்று விமானத்தையும் நிறுத்தச் சொன்னார். கம்பெனி கைமாறியது. வாங்கியவர்கள் முதலில் சீன மெக்கானிக்கைத் தேடிப் பிடித்தார்கள். அவர் வேலைக்கு வருமுன் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம், லிங்கம் எங்கே என்று. இவரை வேலைக்கு அழைத்துக் கடிதம் வந்தது.

ஒரு உயிரும் போகாமலே நாங்கள் சரி என்று ஆனது. அன்றைக்கு நான் கோயிலுக்குப் போனேன். இந்தத் தடவை எதுவும் கேட்காமல் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அண்ணன் எங்களை ஸ்டேஷன் வரைக்கும் தன் பஸ்ஸிலேயே கொண்டுவந்து விட்டார். ஏறும்போது, "பிரேக்கு சரியா இருக்கு மாப்பிள்ளை, மிதிச்சுப் பாத்துக்கிடுங்க" என்றார். கிண்டலா, மன்னிப்பா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இவர் நிஜமாகவே டிரைவர் சீட்டில் ஏறி ஒரு மிதி மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் பின்னால் வந்து உட்கார்ந்தார்.

பினாங்குத் துறைமுகத்தில் சேவியரும் டெய்சியும் நின்றார்கள். கைக்குழந்தை நடக்கத் தொடங்கியிருந்தான். சேவியர் இவர் கையைப் பிடித்தவன் விடவில்லை. "அண்ணாச்சி, அன்னைக்கு இறங்குனப்ப அந்த மானேஜர் என்னப் பாத்து, வீரன்னாரு. எனக்கு வாந்தி வந்துச்சு. மறுபடி 'முடியாது'ன்னு சொல்லுததுக்கு இத்தன மாசம் ஆயிப்போச்சு."

டெய்சி என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள். அவள் பார்வையை நேராகச் சந்திக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அன்று என் வீட்டு நாற்காலியில் பத்திரமாக உட்கார்ந்திருந்தவர் நினைவுக்கு வந்தார்.

"நாளைக்கு ரெண்டு பேருமே பறக்காங்க" என்றாள். "அண்ணாச்சி காலையில, இவிய மத்தியானம்."

"பயமா இருக்கா டெய்சி?"

"இருக்கு அக்கா. முன்ன நான் ஒருத்தியா பயந்தேன், நீங்க ஒருத்தியா பயந்திய. இனிமே சேந்து பயப்படலாம்லா?"

சிரித்துவிட்டோம். அவள் பிள்ளையை நான் தூக்கிக்கொண்டேன்.